வெறுங்கிண்ணம்

"வேலி ஆளுயரம் தாண்டிப் போச்சு. வெயில் வரதில்லை, துணி காயறதில்லை. வெட்டுங்கன்னா பக்கத்து வீட்டு ஆபிரகாம் வாயே திறக்க மாட்டேங்கறாரு. காலனி சொசைட்டியில சொல்லியாச்சு. நாளைக்குக் காலையில தோட்டக்காரன் கத்திரியோட வந்துருவான்" என்றான் ரவிசந்திரன்.

கிரிஜாவுக்கு வெயில் பெரிசாகப் படவில்லை. கோயமுத்தூரிலிருந்து வடக்கே வானவடிக்கு, இந்த வீட்டுக்கு வந்த நாளாய் விளக்கு வைக்கிற நேரத்தில் மருதாணி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்குரல்.

"மல்லிகா... இன்னைக்கு என்ன குழம்பு?"

மல்லிகா இந்த வீட்டில் முன்பு இருந்தவள். இதே சமையலறையில் விழுந்து செத்தவள்.

நேற்று வேலியடிச் சந்தில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். உள்ளே மீன்குழம்பு, ஆவி பறந்தது. விளிம்பில் பேர் வெட்டியிருந்தது: மல்லிகா.

கிரிஜா குழம்பைக் கொட்டி, கழுவி, அங்கேயே வைத்துவிட்டாள். கிண்ணம் மெல்ல இலைக்குள் போனது.

"வெறுங்கிண்ணமாவா அனுப்புறே? எம்மேல கோவமா மல்லிகா?"

"ஏனுங்க, நம்மளை விரட்டறதுக்கு நாடகமாடறாங்களா?" என்று இப்போது அதைச் சொல்லிக் கேட்டாள் கிரிஜா.

"அதேதான். வேலி போனா நாடகமும் போயிரும்."

சாயங்காலம் ஆபிரகாமே வாசலில் வந்து நின்றார்.

"பேட்டா, வேலியை விட்டுடு. என் சம்சாரம் ஜோஸ்பினுக்கு ஞாபகம் தப்பிடுச்சு. அவளும் மல்லிகாவும் வருஷக்கணக்கா அந்தச் சந்து வழியாத்தான் குழம்பு மாத்திக்கிட்டாங்க. அக்கா அக்கான்னு உசிரை விடும் அந்தப் பொண்ணு. அது செத்ததே இவளுக்குத் தெரியாது. வேலி இருக்கிறவரைக்கும் இந்தப் பக்கம் மல்லிகா இருக்கா. வெட்டிட்டா வெறும் வீடுதானே தெரியும்?"

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்."

"பொண்டாட்டிக்குப் புத்தி தடுமாறிடுச்சுன்னு சொசைட்டி மீட்டிங்ல நாலு பேர் முன்னாடி எப்படிப்பா சொல்றது?"

ரவிசந்திரன் போனை எடுத்துத் தோட்டக்காரனை வரவேண்டாம் என்றான்.

அப்போது வேலி அசைந்தது. காற்றில்லை.

"மல்லிகா... இன்னைக்கு என்ன குழம்பு?"

சந்தில் கிண்ணம் வந்து நின்றது. காலியாக.

ஆபிரகாம் கிரிஜாவைப் பார்த்தார். அவள் கிண்ணத்தை எடுத்துப்போய் நிரப்பிக்கொண்டு வந்து வேலியோரம் குனிந்தாள்.

"கத்திரிக்காய்க் குழம்புங்... குழம்புக்கா."

கிண்ணம் இலைக்குள் போனது. பிறகு மிகக் கிட்டத்தில், காதோடு பேசுவதுபோல அந்தக் குரல் வந்தது:

"மல்லிகா, உன் வீட்டுக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு. பாவம், பயந்த சுபாவம்போல. நீ செத்துப்போனவன்னு அதுக்கிட்ட காட்டிக்காதே."