துரையின் நாய்

"சொந்தமா ஒரு நாயி இல்ல, தொரையோட நாய்க்குத் தினமும் கருவாடா?" என்று கங்காணி சிரித்தார்.

"நாய்னா எனக்கு உசுருங்க," என்றான் சடையன்.

ஒருநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்தபோது சடையனும் அவன் மனைவி நல்லம்மாளும் இல்லை. ரப்பர் தோட்டத்தை விட்டு ஓடுகிறவர்களைப் பிடிக்க வழக்கமாகச் செய்வதுபோல், துரை நாயை அவிழ்த்துவிட்டார்.

சுங்கை சிப்புட் சாலையில் அது பாய்ந்து வருவதைப் பார்த்து நல்லம்மாள் அலறினாள். நாயோ சடையனின் காலடியில் நின்று வாலை ஆட்டியது.

தூரத்தில் துரையின் விசில் விடாமல் கேட்டது. நாய் திரும்பிப் பார்த்தது. சடையன் மடியிலிருந்து கருவாட்டை எடுத்து நீட்டினான்.

"என் நாயை அவன் சுட்ட அன்னிக்கு, நானும் இப்படித்தான் கூப்பிட்டுக்கிட்டே நின்னேன். இன்னிக்கு அவன் கூப்பிடட்டும். வாடா, போலாம்."