இன்னொரு பொட்டலம்

"மூணு வருஷத்துக்கு முன்னாடியே இந்த ரத்தப் பரிசோதனையை எழுதிக் குடுத்தேனே அய்யா. ஏன் எடுக்கலை?"

டாக்டர் சிவரஞ்சனி பழைய சீட்டை மேசைமேல் திருப்பி வைத்தார். சனிக்கிழமைதோறும் மதுரையிலிருந்து காரைக்குடிக்கு வருகிற நரம்பு டாக்டர். சீட்டில் இருந்தது அவர் கையெழுத்தேதான்.

சக்கர நாற்காலியில் இருந்த தங்கச்சாமி மனைவியைப் பார்த்தார். மீனாள் கைப்பையின் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"குலசாமிகிட்டப் பூக்கட்டிப் பார்த்தோம்மா. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். வெள்ளை வந்தா செய்யலாம். எனக்குச் சிவப்பு வந்துருச்சு," என்றார் அவர்.

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார்.

தங்கச்சாமிக்குப் புதுவயல் அரிசி மில்லில் முப்பது வருடம். களத்தில் அவித்த நெல்லைக் காலால் கிண்டிக்கொண்டே நடப்பார். இன்னும் ஒரு வெயில் வேண்டுமா, போதுமா என்று பாதம் சொல்லிவிடும். ஒருநாள் ஈர நெல்லை மூட்டை பிடிக்கச் சொன்னார். பாதத்துக்கு ஒன்றும் தெரியவில்லை.

சுகர்தான் என்று ஊரே சொன்னது. சிவரஞ்சனி ஒருவர்தான் சந்தேகப்பட்டு அந்தச் சீட்டை எழுதியவர்.

போன மாதம் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகக் கையும் மறுத்தது. மகள் ரோகிணி வந்து, சாமியாவது பூவாவது என்று சண்டை போட்டு ரத்தம் எடுக்க வைத்தாள்.

"இது சுகரால வந்தது இல்லைங்கய்யா. உங்க ரத்தத்துல ஒரு ஆன்டிபாடி இருக்கு. கிருமியை அடிக்கவேண்டியது, உங்க நரம்பையே அடிச்சுக்கிட்டு இருக்கு. இதுக்குன்னே ஒரு ஊசி இருக்கு."

"போட்டா நடந்துருவேனா?"

டாக்டர் ரிப்போர்ட்டை மடித்தார்.

"அப்பவே போட்டிருந்தா நடந்திருக்கலாம். இப்பப் போட்டா கையாவது மிஞ்சுமான்னு பார்க்கலாம். செத்த நரம்பு திரும்பாது."

வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

"இவள ஏதும் கேட்டுறாதீகம்மா," என்றார் தங்கச்சாமி. "வெள்ளை வரணும்னு அன்னைக்குப் பச்சத்தண்ணி குடிக்கலை இவ. பூவைப் பொட்டலம் கட்டையிலயே கை நடுங்குச்சு. இப்ப எனக்கு நடுங்குதே, அது மாதிரி."

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

வாசலில் ஆட்டோவுக்காகக் காத்திருந்தார்கள். அவர் கால் செருப்பு பாதி கழன்று தொங்கியது. அது அவருக்குத் தெரியாது.

மீனாள் குனிந்து வாரை மாட்டினாள்.

"எம்புட்டு நேரம் யோசிச்சேன், ஞாபகம் இருக்கா மீனா? கை முதல்ல இங்குட்டுத்தான் போச்சு. என்னமோ தோணி அங்குட்டுத் திருப்பிட்டேன். முதல்ல தொட்டதையே எடுத்திருந்தா இன்னைக்குக் களத்துல நின்னுருப்பேன். என் கைதான் கெடுத்துருச்சு."

அவள் வாரை இன்னும் ஒரு துளை தள்ளி இறுக்கினாள். வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

"நீங்க என்ன செய்வீக," என்றாள்.

மூன்று வருடத்துக்கு முன், பூக்கட்டிப் பார்த்த அந்த வாரம்தான் காளையார்கோவிலிலிருந்து ரோகிணியைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். சுகர் எந்த வீட்டில் இல்லை? வாயில் நுழையாத ஒரு நரம்பு வியாதி என்றால், பிள்ளைக்கும் வருமோ என்று கேட்பார்கள். கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள் மீனாள்.

கல்யாணம் முடிந்தது. சாமி சொன்னதை மீற மாட்டேன் என்று அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

அவர் எடுக்காமல் விட்ட பொட்டலத்தை, பிரிக்காமலே ஊருணியில் போட்டவள் அவள்தான்.

அதிலும் செவ்வரளிதான்.