தையல் மெஷின் மேலே ஒரு பல்பு

மூன்று வாரமாக அக்காவிடம் புதிதாகத் துணி தைக்கக் கொடுக்க யாருமே வரவில்லை. கையிலிருந்த பழைய துணிகளைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"கள்ளிக்குப்பம் மெயின் ரோட்ல புதுசா பொட்டிக் வந்திருக்குல்ல? எல்லாரும் அங்க போய்ட்டாங்கடி" என்றாள்.

"அதான்க்கா" என்றேன், உதட்டை நன்றாக அசைத்து. அக்காவுக்குக் காது கேட்காது.

மாலையில் தெருமுனையில் கன்னியம்மாள் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் எங்கள் பழைய வாடிக்கையாளர்.

"இன்னா லாவண்யா, உங்கக்காவுக்கு அவ்ளோ ஏத்தமா? நாலு வாட்டி பெல் அடிச்சேன். மெஷின் ஓடுற சத்தம் கேக்குது, கதவ மட்டும் தொறக்க மாட்றா!"

வீட்டுக்கு ஓடினேன். வாசலில் பெல் அடித்தால் மெஷின் மேலிருக்கும் பல்பு மின்ன வேண்டும். மின்னவில்லை. அது வைஃபையில் இயங்கும் பல்பு; 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்தான் சேரும். ரௌட்டரிலோ 2.4, 5 இரண்டு அலைவரிசைகளும் ஒரே பெயரில் இருந்ததால் பல்பு சேராமல் விட்டுப்போயிருந்தது. தனித்தனிப் பெயராகப் பிரித்து, பல்பை 2.4இல் சேர்த்தேன். பெல்லை அழுத்தியதும் மின்னியது.

அக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள். "நீ மட்டும் இல்லன்னா நான் என்னடி பண்ணுவேன்?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

"ஸாரிக்கா. வைஃபை முன்னாடி பிரிச்சுதான் இருந்தது. என் ஆன்லைன் இன்டர்வியூவுக்காக நான்தான் ஒண்ணாக்கினேன். பல்பு ஞாபகமே வரல" என்று முணுமுணுத்தேன்.

பிறகுதான் நிமிர்ந்தேன். எதிரே, வருகிறவர்கள் ஜாக்கெட் போட்டுப் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடி. அதில் அக்கா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.