படகில் போனது யார்?

"இதுவும் அவருது இல்ல," என்றபடி அந்த அம்மாள் அடுத்த தொட்டிக்கு நகர்ந்தாள்.

பின்னால் வந்த கடைக்காரருக்குப் பெருமூச்சு வந்தது. கப்பல் சாமான் வியாபாரி அவர். கயிறு, லாந்தர், தார் டின் என்று துறைமுகத் தெருவிலேயே தலை நரைத்தவர். எப்பேர்ப்பட்ட மாலுமியையும் பேரத்தில் மடக்கியவர். இன்றைக்கு இவள் வாயிலிருந்து ஒரே ஒரு 'ஆமாம்' கிளம்பாதா என்று காலையிலிருந்து காத்துக் கிடக்கிறார்.

"அவசரப்படாம பாரும்மா. கடல்ல கிடந்தது, உருவம் கொஞ்சம் மாறித்தான் இருக்கும்."

"மாறினா எனக்குத் தெரியாதாக்கும்?"

பழைய ஐஸ் ஃபேக்டரிதான் இப்போது ஆய்வுக்கூடம். தட்டு, ஷூ, சீப்பு, உடைந்த மூக்குக்கண்ணாடி எல்லாம் உப்பு இறங்குவதற்காக நல்ல தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. அத்தனையும், இவர்கள் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில், கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் மூழ்கிய சரக்குக் கப்பலில் இருந்தவை.

புயலில் எல்லாரும் போய்விட்டார்கள் என்றுதான் ஊர் நம்பியது. கரையில் தூண் நட்டு, பெயர்களை வெட்டி, வருஷம் தவறாமல் பூ வைத்தது. இப்போது கடலுக்குள் இறங்கிய ஆய்வுக்குழு அந்தத் தூணையே ஆட்டிவிட்டது. சரக்கறையில் துணிப் பொதிக்குப் பதிலாக மணல் மூட்டை. உயிர்ப்படகைக் காணோம், அதைத் தாங்கிய இரும்புக் கைகள் வெளிப்பக்கமாக நிதானமாகத் திருப்பப்பட்டிருந்தன. இன்ஷூரன்ஸ் பணத்துக்காகக் கப்பலை யாரோ வேண்டுமென்றே மூழ்கடித்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்த சிலர் படகில் ஏறிக் கம்பி நீட்டிவிட்டார்கள்.

படகில் போனது யார், உள்ளே மாட்டிச் செத்தது யார்? அதற்காகத்தான் குடும்பத்தாரைக் கூப்பிட்டுப் பொருள்களைக் காட்டுகிறார்கள். இந்த அம்மாளைக் கட்டியவருக்கு இன்ஜின் அறையில் வேலை. அவருடைய சாமான் ஏதாவது அங்கே கிடைத்தால் மனிதர் கதை அங்கேயே முடிந்தது. கிடைக்காவிட்டால்? அந்தக் கேள்வி கடைக்காரரைத் தூங்கவிடவில்லை.

"உங்களைவிட உங்க அண்ணன்தான் ஆர்வமா இருக்கார்," என்று அந்த அம்மாளிடம் சிரித்தாள், தொட்டிகளைக் காட்டிக்கொண்டிருந்த ஆய்வாளர் பெண்.

கடைக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாங்க வந்த சரக்கை விட்டு வேறு பேச்சுக்குப் போகிற ஆள் இல்லை அவர். ஆனால் அடுத்த தொட்டியைப் பார்த்ததும் அவரே குனிந்துவிட்டார்.

"அட, இந்த லாந்தர் நம்ம கடைச் சரக்கு. கப்பல் சமையல்காரன் வாங்கினது. ரெண்டு நாள் பேரம் பேசி, கடைசில திரியையும் இனாமா புடுங்கிட்டுப் போனான். நல்ல மனுஷன், பாவி."

அந்த அம்மாளின் முகம் இளகியது. "கப்பல் உள்ள வர்றப்போ ஊதும் பாருங்க, தெருவே கதவைத் திறந்துடும். அவரு குளிக்கக்கூடச் செய்யாம ஓடி வருவாரு. மூஞ்சி பூரா கரி. இது பேயா மனுஷனான்னு கேட்டு நான் கதவைச் சாத்திடுவேன்."

"சாத்துவியா? தெருமுனை வரைக்கும் ஓடுறது நீதான். நான்தான் கடையிலேருந்து பார்ப்பேனே."

"அதான் உங்க கடை அப்படி ஓடுச்சு."

ஆய்வாளர் பெண் கடைசித் தொட்டியிலிருந்து ஒரு சின்னப் பித்தளை டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். "இன்ஜின் அறை ஏணிக்கு அடியில கிடைச்சுது. சட்டைத் துணி ஒட்டியிருந்துச்சு. யாரோ பையிலேயே வச்சிருந்திருக்காங்க. மூடிதான் திறக்கவே மாட்டேங்குது. எங்க ஆளுங்க எல்லாரும் பார்த்துட்டாங்க."

அவளுடைய போன் அடித்தது. ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசப் போனாள்.

அந்த அம்மாளின் கட்டைவிரல் மூடியின் ஓரத்தைத் தேடிப் போனது. அழுத்தியது. வழக்கமாகத் திருகும் பக்கம் இல்லாமல் எதிர்ப்பக்கம் திருகியது. 'டக்'.

மூடி ஒரு நூல் அளவு எழும்பியது. அதே வேகத்தில் அவள் அதை மூடிவிட்டாள்.

கடைக்காரர் பார்த்துவிட்டார். அவர் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா, அவருதா?" ஆய்வாளர் பெண் திரும்பி வந்தாள்.

"இல்ல. அவருது இதைவிடச் சின்னது."

"நல்லா யோசிங்கம்மா. அவரு படகுல போனார்னா, அந்த மோசடியில அவருக்கும் பங்குன்னு ஆகிடும்."

"ஆகட்டும். எங்கயாவது உசுரோட இருந்தாப் போதும்."

ஆய்வாளர் பெண் கடைக்காரரைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்க ஐயா."

அவர் தேடி வந்த 'ஆமாம்' கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் போதும். அந்த அம்மாள் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றாள்.

"அவ சொன்னா சரிதாம்மா. அந்த மனுஷன் படகுலதான் போயிருப்பாரு."

அவள் டப்பாவைத் தண்ணீரில் விட்டுவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

அவள் படியிறங்கும்வரை காத்திருந்து ஆய்வாளர் பெண் குரலைத் தாழ்த்தினாள். "மூடி திறந்த சத்தம் எனக்கும் கேட்டுது. தங்கச்சி மனசு உடையக்கூடாதுன்னு இப்படி ஒரு பொய் சொல்ல எந்த அண்ணனுக்கு மனசு வரும்?"

"நான் அண்ணன் இல்லம்மா," என்றார் கடைக்காரர், செருப்பை மாட்டியபடி. "அவரு திரும்பி வந்தா, அந்த வீட்டை விட்டுப் பெட்டியோட இறங்க வேண்டிய ரெண்டாவது புருஷன்."