இன்னிக்கு இன்னா புச்சா

கிறிஸ்டினா எழுந்து நின்றாள்.

எண்ணூர் தாண்டி மின்சார ரயில் வேகமெடுத்திருந்தது. எதிர் இருக்கையில் நான்கு பேர், ஒரு பையை முழங்கால்களின் மேல் பலகைபோல வைத்துச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு மதிய ஷிஃப்ட் போகிறவர்கள். சீட்டு விழும்போதெல்லாம் ஒருவனைப் பெற்றவளை இன்னொருவன் இழுத்தான். கோபத்தில் இல்லை, சிரித்துக்கொண்டேதான். அந்த வசவு இல்லாமல் அவர்களுக்கு ஒரு பேச்சைத் தொடங்கவும் தெரியவில்லை, முடிக்கவும் தெரியவில்லை.

அவளுடைய நான்கு வயது மகள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் பேசினாலும் அந்த வாயையே.

"அண்ணா, கொழந்த கீது. அசிங்கமா பேசாதீங்க."

யாரும் நிமிரவில்லை. அடுத்த சீட்டு விழுந்தது. கூடவே அந்த வசவும்.

ஜன்னலோரத்துப் பெரியவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். நின்றிருந்தவர்கள் போனுக்குள் குனிந்தார்கள். ராபின் கூட வந்திருந்தால் கையைப் பிடித்து உட்கார வைத்திருப்பான். நல்ல புருஷன்தான், சண்டை என்றால் மட்டும் ஆகாது. அவன் இந்நேரம் வள்ளூரில் வேலையில் இருந்தான்.

மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே போனாள். பையின் மேல் பரப்பியிருந்த சீட்டுகளை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள்.

"சொல்லிக்கினே கீறேன் இல்ல?"

இப்போது நான்கு பேரும் நிமிர்ந்தார்கள்.

"லேடீஸ் பொட்டில ஏறவேண்டியதுதான? இங்க வந்து ஏன் பேஜாரு பண்ற?" என்றான் நீலச் சட்டைக்காரன். மற்றவர்கள் அவனைத்தான் பாஸ்கர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் எதுலன்னா ஏறுவேன். நீங்க வாய அடக்குங்க."

"எடு கைய."

அவள் எடுக்கவில்லை.

பாஸ்கர் எழுந்தான். இரண்டு ஆள் அகலம். அவள் மகளை இறுக்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். அடையாளம் தெரிந்துவிட்டது.

"உன்ன எத்தினியோ வாட்டி பாத்துகீறேன். இதே கொழந்தய தூக்கிக்கினு இதே பொட்டிலதான் வருவ. நாங்க இப்டித்தான் பேசுவோம். நீ பாட்டுக்கு வெளிய பாத்துக்கினு உக்காந்திருப்ப. இன்னிக்கு இன்னா புச்சா?"

அவன் சொன்னது பொய்யில்லை.

கிறிஸ்டினா சீட்டுகளிலிருந்து கையை எடுத்தாள். மகளின் தலையில் கட்டியிருந்த துணியை மெதுவாக விலக்கினாள். மழித்த இடத்தில் முடி இப்போதுதான் முளைவிட்டிருந்தது. காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு மிஷின். அதிலிருந்து போன ஒயர், மண்டையில் ஒட்டிக்கொண்டிருந்த வட்ட வில்லையில் முடிந்தது.

"இத்தினி நாளா இவளுக்குக் காது கேக்காது. பொறந்ததுலேந்தே. இன்னிக்குக் காலைலதான் ஆஸ்பத்திரில மிஷின ஆன் பண்ணாங்க."

துணியை மறுபடி இழுத்து மூடிக்கொண்டே மேலே பேசினாள்.

"பேச்சுக்குப் பேச்சு பெத்தவள இழுக்கறீங்களே, அந்த வார்த்ததான் இவளுக்கு என் பேரு. அத நானே இன்னும் இவகிட்ட சொல்லல. ஊட்டுக்குப் போயி, கதவச் சாத்திக்கினு சொல்லலாம்னு வெச்சிருக்கேன்."

பாஸ்கர் உட்கார்ந்துவிட்டான்.

ஒருவன் சீட்டுகளைச் சத்தம் வராமல் சேர்த்துச் சட்டைப்பையில் போட்டான். மீஞ்சூர் வந்தது, போனது. அந்த இருக்கையில் ஒரு பேச்சில்லை. ரயில் ஊதியபோது குழந்தை திடுக்கிட்டு மின்விசிறியைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள், பிறகு பாஸ்கரின் வாயைப் பார்த்தாள். அவன் பதறிப்போய், நானில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

பொன்னேரியில் அவள் இறங்கினாள். மறந்து வைத்துவிட்டு வந்த ஆஸ்பத்திரிப் பையை பாஸ்கர்தான் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தான். கையில் கொடுத்துவிட்டு, குழந்தையைக் காட்டி ரகசியம்போலக் கேட்டான்.

"பேரு இன்னா..."

எந்தப் பெண்ணிடம் பேசினாலும் கடைசியில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் 'அம்மா' அவன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டை இறுக்கி மடித்து, அதை அப்படியே விழுங்கிக்கொண்டான்.