நேயர் கடிதம்

முப்பத்தோரு வருடம் அரசு வானொலியில் அறிவிப்பாளராக இருந்த சுகந்தவல்லி, ஓய்வு பெற்ற மறுநாள் காலை கணவர் ஏகநாதனிடம் மாத்திரையை நீட்டினாள். மறதி நோய் முற்றிய அவருக்கு எதிரில் நிற்பவள் யாரென்று தெரியவில்லை. வானொலியில் கேட்கும் மனைவியின் குரல் மட்டும்தான் நினைவிருந்தது. அது நேரம் சொன்னால் வாயைத் திறப்பார். இன்று வேறொரு பெண் நேரம் சொன்னாள்.

"எங்க வீட்ல சொல்லட்டும்மா, போட்டுக்கிறேன்" என்று உதட்டை இறுக்கிக்கொண்டார்.

பத்து மணி வரை கெஞ்சிப் பார்த்துவிட்டு, சுகந்தவல்லி வானொலியை அணைத்தாள். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று தொண்டையைச் செருமினாள்.

"நேரம் பத்து மணி ஐந்து நிமிடம்."

ஏகநாதன் சமர்த்தாக வாயைத் திறந்தார். பின்னாலிருந்தே மாத்திரையைப் போட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் அடுத்த நிகழ்ச்சிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உழவர்களுக்கு இலைச்சுருட்டுப் புழுவைப் பற்றிச் சொன்னாள். மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்றாள். மாதர் நிகழ்ச்சியில் ரவா லட்டு பிடித்தாள். நாடகத்தில் மாமியாரும் அவளே, மருமகளும் அவளே, ஏகநாதன் சிரித்தார். சாயங்காலம் நேயர் கடிதத்துக்கு வந்தபோது கையில் கடிதம் எதுவும் இல்லை.

"என் கணவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, நான் என்ன செய்வது என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

ஏகநாதன் அணைந்து கிடந்த பெட்டியை நோக்கிக் குனிந்தார்.

"பாவம். பேசிக்கிட்டே இருக்கச் சொல்லு, வல்லி."