ஏழாவது ஆள்

பொன்விழா பேனரில் போடுவதற்காக, ஊர்க் கபடிக் குழுவில் ஆடி ஓய்ந்தவர்களில் சிறந்த ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பழைய ஆட்டக்காரர் அருளப்பன் யோசிக்கவே இல்லை. ஆறு பெயர்களைச் சொன்னார். ஆறு பேருமே இறந்துபோனவர்கள்.

“ஏழாவது நீங்கதானே மாமா? உங்க படத்துக்கு மட்டும் மாலை போடாம விட்டுர்றோம்,” என்று சிரித்தான் செயலாளர் கதிரவன்.

“போட்டாத்தான் என்னடா,” என்றார்.

எல்லோரும் போனபின் ஆடுகளத்தில் இறங்கினார். எதிரணியில் ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால், அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருக்கும் தன் ஆள் ஒருவன் உள்ளே வரலாம். கடைசி ஆளாக நின்று எத்தனையோ முறை அந்த ஆறு பேரையும் அப்படி மீட்டிருக்கிறார். மூச்சை இழுத்துப் பிடித்து, “கபடி, கபடி” என்று பாடிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டினார். தொடுவதற்கு அந்தப் பக்கம் யாருமில்லை. மூச்சு இன்னும் மிச்சமிருந்தது. திரும்பாமல் உள்ளே போனார்.